மாப்பிள்ளைக்கு ஒரு மடக்குக் கட்டில்

சைக்கிளில் ஊர் ஊராகப் போய், கண்ட இடத்தில் கூடாரம் போட்டுத் தூங்குகிற ஒருவனுக்கு, அவன் கல்யாணத்தில், இரும்பு மடக்குக் கட்டில் ஒன்றைப் பரிசாகக் கொடுத்த ஆள் நான். கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு நாள் முட்டாள்தனமாக முடிந்திருக்கும். மைக்கில் படிக்கச் சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். அது இரண்டரை வருடத்துக்கு நீண்டது.

அவன் என் மனைவியின் தம்பி. முறைக்கு மச்சினன், நான் கூப்பிடுவது மாப்ளே என்று. போளூரில் கணக்கு வாத்தியார். எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது நான் அந்தப் புது மாவட்டத்தின் கோப்புகளுக்குள் எழுத்தராகப் புகுந்தேன். அவன், அப்போது கல்லூரி மாணவன், அதே வருடம் சைக்கிளில் சாத்தனூர் அணைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் வந்தான். இரண்டு பேருமே அதற்குப் பிறகு ஏறியதிலிருந்து இறங்கவில்லை.

அவனுக்கு எடைதான் எதிரி. சைக்கிளில் மட்கார்டு கிடையாது, செயின் கவர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மணி கூடக் கிடையாது. பின்னால் ஒரு கேரியர் மட்டும் உண்டு. அதையும் வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்து, இருப்பதிலேயே மெல்லிய கம்பியில் செய்ய வைத்தான். பல் விளக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து வைத்திருப்பான். "இதுல எவ்ளோ மாப்ளே கம்மியாவும்?" என்று கேட்டேன். கிராமில் பதில் சொன்னான். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இந்த ஆளுக்குப் பரிசு வாங்கும் வேலை நமக்கு ஆகாது என்று.

புரியவில்லை. கல்யாணத்துக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தபோது, எல்லாரும் குத்துவிளக்கும் சுவர்க் கடிகாரமும் கொடுப்பார்கள், நாம் அவன் ரசனை தெரிந்து கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. ரசனை தெரிந்து கொடுப்பது நான் புத்தகங்களில் படித்துக் கெட்டுப்போன பழக்கங்களில் ஒன்று. பாவம், தரையில் படுக்கிறானே, தேள் பூரான் வருமே என்று யோசித்தேன். மடக்கக்கூடியதாக இருந்தால் கொண்டுபோக வசதியாக இருக்கும் என்றும் யோசித்தேன். எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறேன் பாருங்கள். வெள்ளையும் நீலமுமாக நைலான் நாடா பின்னிய கட்டில். கடையிலிருந்து மண்டபத்துக்கு அதை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

எங்கள் பக்கக் கல்யாணங்களில் யார் என்ன செய்தார்கள் என்பதை மைக்கில் படிப்பார்கள். அதற்கென்று ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். எல்லாரும் வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் சீட்டு எழுதினேன். அது மண்டபம் முழுக்க ஒலித்தது:

"வீட்டில் படுக்கப் பிடிக்காத மாப்பிள்ளைக்கு, அக்கா வீட்டுக்காரர் அன்பளிப்பு, மடக்குக் கட்டில் ஒன்று!"

மைக்குக்காரருக்கு அது பிடித்துப்போயிற்று. இன்னொரு தடவை படித்தார்.

தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பந்தியில் பெண்ணின் பெரியப்பா கையில் எடுத்த வடையை இலையில் வைத்துவிட்டு, "இன்னாங்க இது, மாப்ள வூட்ல படுக்க மாட்டாராமே?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பக்கத்திலிருந்தவர், "அதான் அவங்க சொந்தக்காரங்களே கட்டில் வாங்கி குடுக்கறாங்க" என்றார். மேடையில் மணப்பெண் குனிந்த தலை நிமிரவில்லை. அவளை மூன்று மாதமாகத் தயார்ப்படுத்தி வைத்திருந்தானாம்: கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, மாதத்தில் இரண்டு நாள் சைக்கிளில் போவேன், அவ்வளவுதான் என்று. மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். கணக்கு வாத்தியார்கள் தப்பான விடையைப் பார்க்கிற பார்வை அது.

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் கொண்டு வருவான், நான் அலுவலகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து. சாயங்காலம் வந்தால் வாசலில் கரும்பு சாத்தியிருக்கும், மண்ணில் மெல்லிய டயர்த் தடம் இருக்கும். "மாமா வந்துட்டு போச்சு" என்று என் மகள் சொல்வாள்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. காது குத்தவில்லை. ஒரு வயதில் குத்த வேண்டியதை, தம்பி வரட்டும் தம்பி வரட்டும் என்று என் மனைவி தள்ளி வைத்திருந்தாள். எங்கள் வழக்கத்தில் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். மூன்று தாண்டினால் ஐந்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மாமனைத் தகப்பன் நேரில் போய், வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து அழைக்க வேண்டும். அக்கா போனில் கூப்பிடுவது கணக்கில் வராது.

"உன் பெரியம்மா பையன் இருக்கறானே, அவன் மடியில வெச்சு குத்திடலாமே" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எம்பொண்ண நான் ஏன் அடுத்தவன் மடியில வெக்கணும்? நீங்கதான வாய வெச்சீங்க? நீங்களே போய் எடுங்க."

"நான் என்ன பண்ணேன்? கட்டில்தான குடுத்தேன்?"

"கட்டில் குடுத்ததுக்கு யாருங்க கோச்சிக்குவாங்க? நீங்க வெறுங்கையோட போவாதீங்க. அவனுக்குப் புடிச்சதா, உருப்படியா ஒண்ணு எடுத்துக்கினு போங்க. மூணு முடியறதுக்குள்ள."

பிடித்ததாக, உருப்படியாக, ஒன்று. ஏற்கெனவே ஒரு தீபாவளிக்கு டைனமோ விளக்கு ஒன்றை மனைவி மூலம் கொடுத்தனுப்பியிருந்தேன். டயரில் உரசி ஓடுகிற பழைய மாடல். மிதிப்பவனின் வலுவில் கால்வாசியை விளக்கு குடித்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த பொங்கலில் கரும்போடு சேர்ந்து டைனமோவும் வாசலில் இருந்தது. அது இன்றும் எங்கள் பரணில் இருக்கிறது.

இந்தத் தடவை முறையாக விசாரிப்பது என்று கிளம்பினேன். தேரடித் தெருப் பக்கம் ஒரு சைக்கிள் கடை. விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். ஓரத்தில் குஞ்சம் தொங்குகிற சீட் கவர், சக்கரத்தின் நடுவில் மாட்டுகிற கலர் பூ, ரப்பர் பந்து வைத்த ஹாரன், பக்கத்துக்கொன்றாகக் கண்ணாடி, எல்லாவற்றையும் என் முன்னால் பரப்பினார்.

"அவன் இதையெல்லாம் கழட்டற ஆளுங்க. மணியையே கழட்டிட்டான்."

"மணி இல்லாம எப்டி சார் போவாரு?"

"கத்திக்கினு போவான் போல."

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஸ்டாண்டு புதுசு போட்டுக் குடுங்க சார். டபுள் ஸ்டாண்டு. நல்ல வெயிட்டு."

அடுத்து, கூடாரம். புதுக் கூடாரம் கொடுத்தால் பழைய கட்டிலை மறந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். சென்னையில் கிடைக்கும் என்றார்கள், எங்கே என்று சொல்ல ஆளில்லை. ஷாமியானா வாடகைக்கு விடுகிறவரிடம் போய், சின்னதாக ஒரு கூடாரம் தைத்துத் தருவீர்களா என்று கேட்டேன். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு, "எத்தினி பேருக்குச் சாப்பாடு சார்?" என்றார். ஒரு ஆள் மட்டும் படுக்கிற அளவுக்கு என்றேன். நோட்டை மூடிவிட்டு, குரலை இறக்கி, "எப்ப தவறினாரு?" என்று கேட்டார்.

இப்படி மூன்று வாரம் போயிற்று. ஓர் ஆணை பிறப்பித்து அதை அமல்படுத்தாமல் இருப்பது எப்படி என்பதில் எனக்கு அலுவலக அனுபவம் உண்டு. ஆனால் வீட்டில் நினைவூட்டுக் கடிதம் ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் வந்தது.

கடைசியில் வழி கிடைத்தது செங்கம் சாலை டீக்கடை ஒன்றில். ஆசிரமங்களுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பும்போது மூட்டையைக் குறைக்க வேண்டி, இருப்பதை விற்றுவிட்டுப் போவார்கள். டீக்கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. போய்ப் பார்த்தேன். ஒட்டகச்சிவிங்கி உயரத்தில் ஒருவர், வேட்டி கட்டிக்கொண்டு, வராந்தாவில் சாமான்களைப் பரப்பியிருந்தார். அதில் ஒரு சமையல் பாத்திரம். மூடியைக் கவிழ்த்தால் தட்டு, கைப்பிடி மடங்கும். கையில் எடுத்தேன். எடுத்த மாதிரியே இல்லை. வாழைச் சருகு அதைவிடக் கனமாக இருக்கும்.

ஜெயித்துவிட்டேன். கிராமில் பதில் சொல்கிறவனுக்குக் கிராமிலேயே பரிசு.

மச்சினனுக்கு என்று சொன்னேன். வெள்ளைக்காரர், அவனுக்கு நல்ல விதமாகப் பொருந்த வேண்டுமே என்ற அக்கறையில், அவன் எத்தனை பேருக்குச் சமைப்பான், எந்த அடுப்பில் வைப்பான், மலைக்குப் போவானா சமதரையிலா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு ஆங்கிலம் தெரியும். விடைதான் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தெரிந்தவனைப் பற்றி ஒரு கேள்விக்கும் பதில் இல்லாமல், எல்லாவற்றுக்கும் "எஸ்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தோடு வந்தேன்.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்த வேண்டிய இடங்களைப் பிற்பாடு மிகத் துல்லியமாகக் காட்டக்கூடியவன்.

பாத்திரத்தைப் பரிசாகக் கொடுத்தால் பெயர் வெட்டித்தான் கொடுப்போம். பெயர் இல்லாத பாத்திரம் கடைப் பாத்திரம். பெயர் வெட்டினால்தான் அது சீர். என் மனைவியே கேட்டாள்: "பேர் வெட்டலையா?" நானும், ஆமாம், மைக்கில் கெட்டதைப் பாத்திரத்தில் சரி செய்துவிடலாம் என்று கிளம்பினேன். பெரிய தெருவில் பாத்திரக் கடை வாசலில் ஒருவர் சிற்றுளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருப்பார். ஊரில் பாதி அண்டாக்கள் யாருடையவை என்று சொல்லும் கை அது.

அவர் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் தட்டினார். "இன்னா சார் இது, பாத்திரமா, பீடி கட்டற எலையா?"

"வெளிநாட்டுப் பாத்திரங்க. தாங்கும்."

"எனுக்கென்ன. இன்னா போடணும்?"

"அன்பு மாப்பிள்ளைக்கு. நடுவுல, பளிச்சுனு தெரியற மாதிரி."

அ நன்றாக வந்தது. ன போட்டு, தலையில் புள்ளி வைத்தார். டக். உளி நின்ற இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. அவர் பாத்திரத்தைத் தூக்கி, அந்தத் துளை வழியாக ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார்.

"உள்ள போயிடுச்சு சார்."

அவர் நிறுத்தத் தயாராகத்தான் இருந்தார். நான்தான் விடவில்லை. பாதிப் பெயரோடு ஒரு பாத்திரத்தைக் கொடுத்தால் அதற்கு வேறு அர்த்தம் கற்பிப்பான் என்று பயம். முடித்துவிடுங்கள் என்றேன். முடித்தார். அன்பு மாப்பிள்ளைக்கு என்பதில் மொத்தம் நான்கு புள்ளிகள். நான்கிலும் காற்று வந்தது. வீட்டுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினேன். பாதி வரைக்கும் நின்றது. அதற்கு மேல் என் அன்பு நான்கு தாரையாக வெளியே கொட்டியது.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "இன்னும் பத்து நாள்தான் இருக்குது" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் உள்ளே போய், மகளுக்கு ஏற்கெனவே தைத்து வைத்திருந்த பட்டுப் பாவாடைச் சட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் பெட்டியில் வைத்தாள். அதைப் பார்த்த பிறகு இனிமேல் எந்தக் கடைக்கும் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், பூ, எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டு போளூர் பஸ் ஏறினேன். ஓட்டைப் பாத்திரத்தையும் ஒரு மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். வெறுங்கையோடு போகாதே என்று உத்தரவு.

அவன் வீட்டில் இல்லை. அவன் மனைவி கதவைத் திறந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "வாங்கண்ணா" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அவரு காலைலயே சைக்கிள் எடுத்துக்கினு போயிட்டாரு. படவேட்டாண்ட மாந்தோப்பு ஒண்ணு இருக்குது, ஓடைக்கு இந்தாண்ட. நாளைக்கி ஸ்கூல் லீவு, நாளைக்கிதான் வருவாரு." கொஞ்சம் விட்டு, "வூட்ல படுக்கப் புடிக்கலயாம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

மோர் கொடுத்தாள். குடித்தேன்.

தட்டைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. சந்தவாசல் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, படவேட்டில் இறங்கி, வெயிலில் தட்டை ஏந்திக்கொண்டு நடந்தேன். வழியில் ஆடு மேய்க்கிற அம்மாள் ஒருத்தி, "எந்தக் கோயிலுக்குங்க?" என்று கேட்டாள். மாப்பிள்ளையைத் தேடிப் போகிறேன் என்றேன். "பொண்ணு வூட்டுக்காரரா? நல்லா தேடுங்க" என்று வாழ்த்தினாள். வெற்றிலை வாடத் தொடங்கியிருந்தது. செருப்பின் வார் அறுந்து, ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் தோப்புக்குள் போனேன்.

மாமரத்தில் சைக்கிளைச் சாத்தி, சைக்கிளுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டியிருந்தான். கூடாரம் என்று நான் பத்து வருடமாகக் கற்பனை செய்து வைத்திருந்தது அவ்வளவுதான். பக்கத்தில் மூன்று கல், அதன் மேல் ஒரு கரிபிடித்த பாத்திரம், பொங்கிக்கொண்டிருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து டியூபில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். என்னையும் தட்டையும் இழுபடுகிற செருப்பையும் வரிசையாகப் பார்த்தான்.

"வாங்க மாமா."

இரண்டரை வருடத்துக்குப் பிறகு. நான் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். வழி நெடுகத் தயார் செய்து வந்த வசனம் ஒன்று இருந்தது. மறந்துவிட்டது.

"பாப்பாவுக்குக் காது குத்தணும் மாப்ளே. நீ மடியில வெச்சிக்கணும். உங்கக்கா வேற யாரையும் ஒத்துக்க மாட்டன்றா."

அவன் டியூபை அழுத்திப் பிடித்தபடியே இருந்தான். சொல்யூஷன் காயும் வரை விடக் கூடாது போலிருக்கிறது.

"மைக் செட்டு உண்டா மாமா?"

"கெடையாது."

"சீட்டு எழுதறது யாரு?"

"யாரும் எழுத மாட்டாங்க மாப்ளே. பேனாவே எடுத்துக்கினு வரமாட்டேன்."

"அன்னிக்கி எங்க மாமனாரு என்னைத் தனியா கூப்ட்டு, டாக்டர் யாரையாவது பாக்கலாமானு கேட்டாரு. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. வேட்டி நுனியில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"வரேன்" என்றான். தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து எனக்குக் கொடுத்து, ஒன்றை அவன் உரித்தான். மஞ்சள் பையைப் பார்த்து, "அது இன்னா?" என்றான். கொடுத்தேன். எழுத்தைப் படித்தான். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். அவன் மூக்கின் மேல் நான்கு பொட்டு வெளிச்சம் விழுந்தது. வாய் விட்டுச் சிரிக்கிற ஆளில்லை அவன். "சோறு வடிக்கலாம்" என்றான்.

அப்போதுதான் கேரியரைக் கவனித்தேன். படுக்கைச் சுருளும் பையும் அதில் வரிந்து கட்டியிருந்தன. கட்டியிருந்தது வெள்ளையும் நீலமுமான நைலான் நாடா. பிளாஸ்டிக் தாளின் நான்கு மூலையிலும் அதே நாடா. என் கட்டில்! பேசாமல் இருந்த இரண்டரை வருடமும் இவன் என் பரிசை ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, அடி அண்ணாமலையில் எங்கள் குலதெய்வத்துக்கு முன்னால் மகளுக்கு மொட்டை அடித்து, மாமன் மடியில் வைத்துக் காது குத்தினோம். அவள் கத்திய கத்தலுக்கு மைக் செட் தேவைப்படவில்லை. அவன் ஒரு கையால் அவள் தலையைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவளுக்குச் சைக்கிள் சக்கரம் சுற்றுவது போல் விரலைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். என் மனைவி ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பந்தி முடிந்து, அவன் மனைவி எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். அந்த நல்ல வேளையில் நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் பொறுக்க முடியவில்லை. என்ன இருந்தாலும் நான் கொடுத்த கட்டில் வீணாகவில்லை, மாப்பிள்ளை போகிற இடத்துக்கெல்லாம் அந்த நாடா கூடவே போகிறது, தோப்பில் பார்த்தேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவளுக்கு என் மேல் அன்றைக்குக் கோபமே இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

"நாடா நல்ல நாடாதாண்ணா" என்றாள். "ஆனா அதுக்கு ஒரு கட்டிலு வாங்கிப் பிரிக்கணும்னு இல்ல. கடையில தனியாவே விக்கிது."